நான்காம் பலகை

நாகர்கோவிலுக்கு மேற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது குளச்சல். திங்கள்சந்தையைத் தாண்டித் தென்னந்தோப்புகளினூடே இறங்கி வரும் பேருந்தில் உட்கார்ந்திருப்பவர், உப்புக் காற்று முகத்தில் படும்போது ஊர் வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஒரு பக்கம் பள்ளிவாசலின் மினாரா, மறுபக்கம் மாதா கோயிலின் கோபுரம். இடையே மீன்சந்தையும், வளைகுடாப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகளும், அவற்றுக்கு நடுவே விற்க மனமில்லாமல் விட்டு வைத்த பழைய ஓட்டு வீடுகளும். திருவிதாங்கூர் அரசின் காலத்தில் கப்பல்கள் நங்கூரமிட்ட துறைமுகம் இது. இன்று நாட்டுப் படகுகளும் விசைப்படகுகளும்தான் வந்து போகின்றன.

வெளியூரார் வந்தால் கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூணைக் காட்டுவது எங்கள் வழக்கம். 1741-ஆம் ஆண்டு மிளகு வாணிகத்தைக் கைக்கொள்ள வந்திறங்கிய டச்சுக் கம்பெனியின் படையை, மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை இந்தக் கரையில் முறியடித்தது. பிடிபட்டவர்களுள் ஒருவர் டிலனாய் என்னும் அதிகாரி. அவரே பின்னர் மன்னரின் நம்பிக்கைக்கு உரியவராகித் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தார். 1777-இல் மறைந்து, தக்கலையை அடுத்த உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். சதுரங்கத்தில் வெட்டுண்ட காய் பலகைக்குத் திரும்புவதில்லை. குளச்சலில் பிடிபட்ட காய் மட்டும் எதிரணியின் தளபதியாகித் திரும்பியது!

சதுரங்கத்தை நான் உவமைக்காக இழுத்து வரவில்லை. இக்கட்டுரை சதுரங்கத்தைப் பற்றியதுதான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் சதுரங்க அணியோடு நான் சென்று வந்த ஒரு பயணத்தைப் பற்றியது.

எங்கள் தெருவின் பழைய வீடொன்றின் திண்ணையில், அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் பலகையை விரிப்பார்கள். கறுப்புக் குதிரை ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டது. அதன் இடத்தில் ஒரு சோழி நிற்கும். என் வாப்பா காலத்தில் இதே திண்ணையில் நாட்டு முறைச் சதுரங்கம் ஆடுவார்கள். அதில் சிப்பாய் முதல் அடியில் இரண்டு கட்டம் பாயாது. ராஜாவுக்கு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை போலத் தாவும் உரிமை உண்டு. இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் ஆடுவது உலக முறை. முன்னது பொழுதுபோக்கு, பின்னதோ கடிகாரம் வைத்து ஆடும் போர்.

அணி என்பது நான்கு பேர். திறமையின் வரிசைப்படி முதல் பலகை, இரண்டாம் பலகை என்று அமர்வார்கள். எதிரணியின் நால்வரும் அதே வரிசையில் எதிரே அமர்வார்கள். வென்றால் ஒரு புள்ளி, சமநிலையானால் அரைப் புள்ளி. நான்கு பலகைகளின் கூட்டுத்தொகையே அணியின் விதி. முதல் பலகையில் ஆடும் கெட்டிக்காரனின் வெற்றிக்கும் நான்காம் பலகையில் ஆடும் கடைக்குட்டியின் வெற்றிக்கும் மதிப்பு ஒன்றே. ஆதலால்தான் நான்காம் பலகையின் தோல்வி சில நேரங்களில் மற்ற மூவரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுகிறது.

எங்கள் அணியின் நான்காம் பலகை ஒரு சிறுமி. 2022-ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். மற்ற மூவரும் பையன்கள்: ஒருவன் மீனவர் வீட்டுப் பிள்ளை, ஒருவன் தேநீர்க்கடைக்காரரின் மகன், மூன்றாமவனின் வாப்பா சவூதியில் வாகனம் ஓட்டுபவர். அந்த ஆண்டு நாகர்கோவிலில் நடந்த பள்ளிகளுக்கிடையிலான போட்டி ஒன்றின் கடைசிச் சுற்றில் இவர்கள் ஆடினார்கள். முதல் பலகை வென்றது, இரண்டாவது தோற்றது, மூன்றாவது சமநிலை. ஒன்றரைக்கு ஒன்றரை. நான்காம் பலகையில் இவளிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. எதிரே இருந்த மாணவன் 'டிரா' கேட்டான். அதை ஏற்றிருந்தால் இரண்டுக்கு இரண்டு. அடுத்த கட்டத்துக்குச் செல்ல அதுவே போதும்.

இவள் தன் ஆசிரியரை நிமிர்ந்து பார்த்தாள். அணிப் போட்டிகளில் ஒரு விதி உண்டு. டிரா கேட்கலாமா, ஏற்கலாமா என்று மட்டும் அணித் தலைவர் சொல்லலாம். பலகையில் உள்ள நிலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. ஆசிரியர், "உன் விருப்பம்" என்றார். அவள் தலையை அசைத்து மறுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாள். சற்று நேரத்தில் எதிரியின் குதிரை ஒரே தாவலில் அவளுடைய ராஜாவையும் யானையையும் சேர்த்துக் குறிவைத்தது. யானை போயிற்று. ஆட்டமும் போயிற்று.

திரும்பி வரும் பேருந்தில் ஒருவரும் அவளைக் கடிந்து பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் பெரிய தண்டனையாகிவிட்டது என்று பின்னர் அறிந்தேன். இரண்டு வாரங்கள் அவள் திண்ணைப் பக்கமே வரவில்லை.

மாமல்லபுரம் செல்லும் யோசனை அப்போதுதான் பிறந்தது. உலக நாடுகளின் அணிகள் மோதும் நாற்பத்து நான்காவது சதுரங்க ஒலிம்பியாட், ரஷ்யாவில் நடப்பதாக இருந்து, உக்ரைன் போரின் காரணமாக அங்கிருந்து எடுக்கப்பட்டு, 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடந்தது. திறந்த பிரிவில் 188 அணிகள். மகளிர் பிரிவில் 162. உலகமே நம் வாசலுக்கு வந்திருக்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது அதைக் காட்டிவிட வேண்டும் என்று ஆசிரியர் துடித்தார். பணி ஓய்வு பெற்று வீட்டில் இருந்த என்னைத் துணைக்கு அழைத்தார். பையன்கள் மூவர் வீட்டிலும் உடனே சம்மதம் கிடைத்தது.

வாப்பும்மாவின் கேள்விகள்

சிறுமியின் வீட்டில் முடிவெடுப்பவர் அவளுடைய வாப்பும்மா. அவர் என்னிடம் கேட்டவை இரண்டே கேள்விகள்தாம். "இந்த விளையாட்டு மார்க்கத்தில் ஆகுமா?" என்பது முதலாவது. "வயசுக்கு வந்த பிள்ளையை ராத்திரி ரயிலில் எப்படி அனுப்புவது?" என்பது இரண்டாவது.

முதல் கேள்வி புதியதன்று. நம் மூதாதையர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருவது. பாரசீகத்தின் வழியாக அரபு நாடுகளை அடைந்த இந்த ஆட்டம் பக்தாதில் செழித்தது. அப்பாஸிய கலீபாக்களின் அவையில் அஸ்ஸூலீ என்னும் அறிஞர் பத்தாம் நூற்றாண்டில் ஈடிணையற்ற ஆட்டக்காரராகத் திகழ்ந்தார். அவர் அமைத்துவிட்டுப் போன ஒரு புதிருக்கு, ஆயிரம் ஆண்டுகள் கழித்து ரஷ்யரான யூரி அவெர்பாக்தான் விடை கண்டார். ஆங்கிலேயர் 'செக்மேட்' என்பதும் நம்முடைய 'ஷாஹ் மாத்' என்பதன் திரிபே. ஆயினும் மார்க்க அறிஞர்கள் இதைக் குறித்து ஒருமித்துப் பேசவில்லை. பல அறிஞர்கள் இதனைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஷாபிஈ மத்ஹபிலோ, சூதும் பணயமும் இன்றி, தொழுகையைத் தவறவிடாமல், தகாத பேச்சின்றி ஆடுவது ஹராம் அன்று, மக்ரூஹ் என்றே பெரும்பாலும் உரைத்தார்கள். தாபியீன்களில் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) பலகைக்கு முதுகைக் காட்டியபடி, பாராமலே ஆடுவார்கள் என்ற செய்தியும் இமாம் ஷாபிஈ (ரஹ்) வாயிலாக வந்துள்ளது. நம் காலத்திலும் இந்தக் கருத்து வேறுபாடு தீரவில்லை. 2016-இல் சவூதியின் தலைமை முஃப்தி சதுரங்கத்தைக் கண்டித்துப் பேசினார். 2017 டிசம்பரில் அதே நாட்டின் ரியாத் நகரில் உலக விரைவு சதுரங்கப் போட்டி நடந்தது. அதில் வாகை சூடியவர் நம் விசுவநாதன் ஆனந்த்!

இவற்றையெல்லாம் நான் வாப்பும்மாவிடம் விரித்துரைக்கவில்லை. எங்கள் மஹல்லாவின் ஆலிம் ஒருவரிடம் சென்றேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "பணம் கட்டி ஆடுகிறார்களா? இல்லை. வக்து தவறுமா? நீங்கள் உடன் போகிறீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள். சண்டை, வசவு உண்டா? வாய் திறந்தால் நடுவர் எழுப்பிவிடுவார் என்கிறீர்கள். பிறகென்ன?" என்றார். அந்த மூன்று நிபந்தனைகளையும் வாப்பும்மாவிடம் அப்படியே ஒப்புவித்தேன்.

இரண்டாம் கேள்விக்கு விடை, சிறுமியின் மாமி உடன் வர இசைந்தது. ஒலிம்பியாட் என்றால் என்னவென்று அறியாத அந்தப் பெண்மணி, பிரயாணத்துக்கென்று ஒரு தூக்குவாளி நிறையப் புளிச்சோறும் பொரித்த மீனும் கட்டிக்கொண்டு வந்தார். அதை அணியின் ஐந்தாவது வீரர் என்றே சொல்ல வேண்டும். விடைபெறும்போது வாப்பும்மா சிறுமியை அருகழைத்து, "முக்காடு போட்ட பிள்ளைகளும் அங்கே விளையாடுதா என்று பார்த்து வந்து சொல்லு" என்றார்.

ரயிலும் கரையும்

ஆகஸ்ட் 7 அன்று மாலை நாகர்கோவிலில் ரயிலேறினோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. ஆடிக் காற்று சன்னல் வழியே பாய்ந்து, பையன்கள் விரித்த காந்தப் பலகையின் காய்களைக்கூட அசைத்துப் பார்த்தது. சிறுமி ஆடவில்லை. மேல்படுக்கையில் ஒருக்களித்துப் படுத்து, கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் கேட்கட்டும் என்றே நான் பையன்களிடம் ஒரு கதை சொன்னேன். பஞ்சாபைச் சேர்ந்தவர் மீர் சுல்தான் கான். நாட்டு முறைச் சதுரங்கம் பயின்றவர். சர் உமர் ஹயாத் கான் என்னும் பிரபுவின் பணியாளராக இலண்டன் சென்றார். ஐரோப்பிய முறையைக் கற்ற சில ஆண்டுகளிலேயே 1929, 1932, 1933 ஆகிய மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவையும் ஒரு முறை வீழ்த்தினார். பிறகு நாடு திரும்பி, உலகின் கண்ணிலிருந்து மறைந்துபோனார். (அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து 2024-இல்தான் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது.) இது பலரும் அறிந்த கதை. அறியாத கதை ஒன்று உண்டு. அதே பிரபுவின் இல்லத்தில் பணி செய்து வந்த ஃபாத்திமா என்ற இளம்பெண், 1933-இல் ஹேஸ்டிங்ஸ் நகரில் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன் பட்டம் வென்றார்.

மேல்படுக்கையிலிருந்து குரல் வந்தது: "அவங்க பெறகு என்ன ஆனாங்க மாமா?"

"அவரும் ஊர் திரும்பினார். அப்புறம் உலகப் போட்டிகளில் அவர் பெயரைக் காணோம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கீழே இறங்கி வந்து உட்கார்ந்தாள்.

அதிகாலையில் செங்கல்பட்டில் இறங்கினோம். அங்கே என் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்தில் தங்க ஏற்பாடு. குளித்து முடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் மாமல்லபுரம் சேர்ந்தபோது பகல் ஏறிவிட்டது. ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு என்பதால் கடற்கரைக் கோயில் பக்கம் நடந்தோம். கடலைக் கண்டதும் மீனவர் வீட்டுப் பையன் திகைத்து நின்றுவிட்டான். "இந்தக் கடல் தப்பான பக்கத்திலே இருக்கு" என்றான். அவன் கடலில் சூரியன் மறையும். இந்தக் கடலில் சூரியன் உதிக்கும்! பிறந்தது முதல் கடலை மேற்கில் பார்த்துப் பழகிய கண்.

இரு கரைகளையும் 2004 டிசம்பர் 26-இல் ஒரே பேரலை தொட்டது. கடல் உள்வாங்கிய சில நிமிடங்களில், மாமல்லபுரத்தில் மணலுக்கடியில் கிடந்த பழங்காலக் கற்கள் வெளித்தெரிந்தன என்று அதிசயமாக எழுதினார்கள். எங்கள் குளச்சலிலும் அடுத்துள்ள கொட்டில்பாட்டிலும் வெளித்தெரிந்தவை வேறு. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயோரத்தில் அன்று நின்றவர்கள் இன்னும் அதைப் பற்றி உரக்கப் பேசுவதில்லை. பையனின் வீட்டில் இருவர் போனார்கள். அவன் பிறந்தது அதற்குப் பின்னர். சிறிது நேரம் அந்தத் 'தப்பான' கடலைப் பார்த்திருந்துவிட்டு, "மணி ஆகுது" என்று அவனே எங்களைக் கிளப்பினான்.

பத்தாவது சுற்று

அன்று ஆகஸ்ட் 8. முஹர்ரம் பிறை ஒன்பது. நான் நோன்பு வைத்திருந்தேன். மறுநாள் ஆஷூரா.

அரங்குக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. நூற்றுக்கணக்கான பலகைகள் வரிசை வரிசையாக நீண்டிருக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் குனிந்து அமர்ந்திருந்தும் ஓசை இல்லை. குத்பாவின்போது பள்ளிவாசலில் நிலவும் அமைதியே எனக்கு நினைவுக்கு வந்தது. கறுப்பர், வெள்ளையர், சீனர், அரபியர். பார்வையற்ற ஆட்டக்காரர்கள்கூடத் தொட்டுணரும் பலகையோடு ஒலிம்பியாடில் ஆடுவதுண்டு என்பதை ஆசிரியர் மெல்லச் சொன்னார். சிறுமி தன் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு மகளிர் பிரிவின் வேலியோரமாக நடந்தாள். தலையில் முக்காடிட்ட வீராங்கனைகள் பலர் அங்கே இருந்தார்கள். அவள் விரல்விட்டு எண்ணியதைப் பார்த்தேன். வாப்பும்மாவுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டுமே!

அன்றைய பெரும் மோதல், இந்தியாவின் இரண்டாம் அணிக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையே. சமர்கந்தும் புகாராவும் இருக்கின்ற நாடு உஸ்பெகிஸ்தான். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் மண். சமர்கந்தின் பழம்பதியான அஃப்ராஸியாபில் 1977-இல் தோண்டியெடுத்த தந்தக் காய்கள்தாம் உலகில் கிடைத்த சதுரங்கக் காய்களிலேயே மிகப் பழையவற்றுள் சேர்ந்தவை. அந்த மண்ணின் பிள்ளைகளும் நம் மண்ணின் பிள்ளைகளும் எதிரெதிரே. பிள்ளைகள் என்று நான் சொல்வது வெறும் வாஞ்சையால் அன்று. முதல் பலகையில் சென்னையின் குகேஷுக்கு வயது பதினாறு. எதிரே நோதிர்பெக் அப்துஸத்தாரோவ், பதினேழு. முந்தைய ஆண்டே உலக விரைவு சதுரங்கச் சாம்பியன். இன்னொரு பலகையில் சென்னையின் பிரக்ஞானந்தா, பதினாறு. எதிரே ஜவோகிர் சிந்தாரோவ், அவரும் பதினாறு. நால்வரும் பள்ளிப் பருவத்தினர். குகேஷும் பிரக்ஞானந்தாவும் சென்னை வேலம்மாள் பள்ளிகளில் பயின்றவர்கள். எங்கள் பையன்கள் தங்களை விட ஒன்றிரண்டு வயதே மூத்தவர்களை உலகம் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதைப் பார்த்தார்கள்.

எங்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்ததும் வெளியே வந்தோம். மரத்தடியில் ஆசிரியரின் கைப்பேசியைச் சுற்றிக் குந்தினோம். முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றிருந்த குகேஷ் அன்றும் மேலான நிலையில் இருந்தார். அவர் வென்றால் அணிக்குத் தங்கம் எட்டும் தூரம். நகர்வுகளைத் திரும்பத் திரும்பச் செய்து சமநிலையில் முடித்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அவர் அதை வேண்டாமென்று ஒதுக்கி வெற்றிக்காக ஆடினார்.

மூன்று பையன்களும் சிறுமியைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

மக்ரிப் ஆயிற்று. பேரீச்சம்பழம் ஒன்றும் தண்ணீரும் அருந்தி நோன்பு திறந்து, புல்தரையில் துண்டை விரித்துத் தொழுதோம். திரும்பி வந்து பார்த்தபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. நேரம் குறைந்த வேளையில் குகேஷ் ஒரு பிழை செய்துவிட்டார். தோல்வி. தலையை இரு கைகளிலும் தாங்கியபடி நாற்காலியை விட்டு எழாமல் அவர் அமர்ந்திருந்த காட்சியைக் கைப்பேசித் திரையில் கண்டோம். பிரக்ஞானந்தா தம் பலகையில் சிந்தாரோவை வென்றிருந்தார். மோதல் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. மறுநாள் இறுதிச் சுற்றுக்குப் பின் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, வெள்ளி ஆர்மீனியாவுக்கு, வெண்கலம் இந்தியாவின் இரண்டாம் அணிக்கு. நம் மகளிர் அணிக்கும் வெண்கலம். முதல் பலகையில் மிகச் சிறந்த ஆட்டத்துக்கான தனிநபர் தங்கம், பதினொன்றில் ஒன்பது புள்ளிகள் பெற்ற குகேஷுக்கே கிடைத்தது. இதை எங்கள் பிள்ளைகள் ஆஷூரா நாளில் செங்கல்பட்டில் கேட்டறிந்தார்கள்.

அன்றிரவு ஊர் திரும்பும் ரயிலில்தான் அது நடந்தது. விழுப்புரம் தாண்டியிருக்கும். சிறுமி காந்தப் பலகையைத் தன் பக்கம் இழுத்துக் காய்களை அடுக்கத் தொடங்கினாள். தொடக்க நிலையில் அன்று. ஆட்டத்தின் நடுநிலை ஒன்றில். பையன்கள் ஒரு கணத்தில் அதை அடையாளம் கண்டுகொண்டார்கள். நாகர்கோவில் ஆட்டம். டிரா கேட்கப்பட்ட அந்த நிலை.

"இங்கே அவன் டிரா கேட்டான்" என்றாள். "நான் வேண்டாம்னு சொன்னது தப்பில்லை. பாருங்க, ஒரு சிப்பாய் கூட இருக்கு, ராஜாவும் பத்திரமா இருக்கு." பிறகு ஒவ்வொரு நகர்வாக வைத்துக்கொண்டே போனாள். "இதுவும் சரி. இதுவும் சரி. இதோ, இதுதான் தப்பு. யானையை இங்கே வைக்காம ஒரு கட்டம் தள்ளி வச்சிருந்தா குதிரைக்கு வேலையே இல்லை."

இரண்டு வாரங்களாக அவள் திண்ணைக்கு வராமல் செய்துகொண்டிருந்தது இதைத்தான் என்று அப்போது விளங்கியது. முதல் பலகைக்காரன் அந்த நிலையை உற்றுப் பார்த்தான். "தள்ளி வச்சா இவன் இப்படி வருவானே?" என்றான். இவள், "வந்தா இப்படி" என்றாள். மாமி தூக்குவாளியைத் திறந்து யாரும் கேட்காமலே பரிமாறத் தொடங்கினார். மதுரை வரும்வரை அந்த ஓர் ஆட்டத்தையே நால்வரும் ஆடினார்கள். நான் உறங்கிவிட்டேன்.

அந்த வகுப்புகளைக் கடந்து அவர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். பள்ளி அணிகளுக்கு வட்டம், மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிகள் உண்டு. அடுத்த ஆண்டு எங்கள் அணி மாநிலப் படி வரை ஏறிற்று. அதற்கு மேல் ஏறவில்லை. சென்னைப் பள்ளிகளின் அணிகளோடு அமர்ந்தபோது வேறுபாடு எங்கே என்று எனக்குத் தெரிந்தது. மூளையில் அன்று. அங்கே ஒரு பிள்ளைக்கு வாரந்தோறும் வலுவான எதிராளி கிடைக்கிறான். எங்கள் பிள்ளைக்கு அவன் கிடைக்க எழுநூறு கிலோமீட்டர் ரயிலில் போக வேண்டியிருக்கிறது. சென்னையில் 1972-இலேயே சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகயில் தால் பெயரில் சதுரங்கக் கழகம் தொடங்கிற்று. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் அதை நடத்தினார். சிறுவன் ஆனந்த் அங்கே சென்று ஆடினான். இன்றைய அறுவடைக்கு விதைத்தது அன்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் அலெக்சாண்டிரியா நகரில் நடந்த உலகப் பள்ளி அணிகளின் போட்டியில் சென்னை வேலம்மாள் பள்ளி அணி வாகை சூடியதும் அந்த வரிசையில் வந்ததே.

குமரி மாவட்டம் வெறுங்கையோடு நிற்கிறது என்று சொல்லிவிட முடியாது. நாகர்கோவிலில் பிறந்த சியாம் நிகில் எட்டு வயதில் பெற்றோரிடம் ஆட்டம் பயின்றவர். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குரிய மூன்று தகுதி நிலைகளில் இரண்டையும் தேவையான தரப்புள்ளிகளையும் 2012-லேயே எட்டிவிட்டார். மிச்சமிருந்த ஒன்றுக்காகக் காத்திருந்தது பன்னிரண்டு ஆண்டுகள்! 2024 மே மாதம் துபையில் நடந்த போட்டியில் அது கைகூடி, இந்தியாவின் 85-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். செய்தி வந்த அன்று ஆசிரியர் இனிப்பு வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் சியாம் நிகிலுக்கும் எந்த அறிமுகமும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியா இரு பிரிவுகளிலும் தங்கம் வென்றது. டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். அன்றிரவு சிறுமியின் வீட்டிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. பேசியது வாப்பும்மா. "தலையிலே கைவச்சு உட்கார்ந்திருந்தான்னு சொன்னாளே, அந்தப் பையன்தானா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சென்ற மாதம் அஸருக்குப் பின் அந்தத் தெரு வழியே போனேன். திண்ணையில் சிறுமி (இனி அவளை அப்படி அழைப்பது முறையன்று, பன்னிரண்டாம் வகுப்பு) நான்கைந்து சிறு பிள்ளைகளை உட்கார வைத்துக் காய்களின் பெயர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வாப்பும்மா கதவோரம் தஸ்பீஹ் மணியுடன் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "இந்த ராணி பண்டு ராணி இல்லையாமே, மந்திரியாமே? ஒரு கட்டம்தான் நகருமாமே?" என்றார். ஆமாம், அரபியர் ஆட்டத்தில் அது 'ஃபிர்ஸான்' என்னும் மந்திரி. மூலைவாட்டில் ஓரடி மட்டும் நகரும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்புதான் ஐரோப்பாவில் அது பலகையெங்கும் பாயும் ராணியாயிற்று என்று விளக்கினேன். அவர் சிறிது யோசித்தார்.

"அப்போ இந்தச் சோழி?"

"அது குதிரை, வாப்பும்மா" என்று ஐந்து வயதுப் பொடியன் ஒருவன் பொறுமையாகத் திருத்தினான். "இப்படி ரெண்டு, அப்படி ஒண்ணு." சோழியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். அவர் அதைப் பலகையில் எங்கே வைப்பதென்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மக்ரிபுக்கு இன்னும் நேரமிருந்தது.